நீலகிரியின் இருமலை எண்ணுவது எப்படி?

2025 ஜனவரி முதல் வாரத்தில் பெங்களூரில் இரண்டு கைக்குழந்தைகளுக்குச் சளிக்காய்ச்சல் தரும் எச்எம்பிவி என்ற கிருமியின் தொற்று இருப்பதாகச் செய்தி வந்தது. அடுத்துச் சென்னையில் ஒருவர், சேலத்தில் ஒருவர். சீன மருத்துவமனைகள் நிரம்பி வழிவதாகச் சொல்லும் காணொளிகள் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. நீலகிரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் முகக்கவசம் அணிய வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. 2020-இன் நினைவு யாரையும் விட்டுப் போயிருக்கவில்லை. அதனால் அந்த அறிவிப்பில் குற்றம் காண எனக்கு மனமில்லை. ஆனாலும் அந்த வாரச் செய்திகளின் அடியில் ஒரு வரி இருந்தது. பலரும் அதைப் படிக்காமல் கடந்துவிட்டார்கள்.

அந்தக் குழந்தைகள் வெளிநாடு போய் வந்தவர்கள் அல்லர். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமான ஐசிஎம்ஆர் ஆண்டு முழுவதும் நடத்திவரும் வழக்கமான சுவாசத்தொற்றுக் கண்காணிப்பில்தான் அவர்களுக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. நாட்டில் சளிக்காய்ச்சல் நோயாளிகளின் எண்ணிக்கை வழக்கத்தைவிடக் கூடவில்லை. இதுதான் அந்த வரி. எச்எம்பிவி 2001-இல் நெதர்லாந்தில் அடையாளம் காணப்பட்ட கிருமி. சேமித்து வைத்திருந்த பழைய ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, குறைந்தது அரை நூற்றாண்டாக அது மனிதரிடையே சுற்றிவந்திருப்பது தெரிந்தது. ஐந்து வயது நிறைவதற்குள் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு முறையாவது வந்துபோகும். தேடினால் கிடைக்கிற கிருமி அது. கிடைத்தது என்பது ஒரு செய்தி. பெருகுகிறது என்பது வேறொரு செய்தி.

பெருகுகிறதா என்று சொல்லவேண்டுமானால் போன ஜனவரியில் எவ்வளவு இருந்தது, அதற்கு முந்தைய ஜனவரியில் எவ்வளவு இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். உதகைக்கு இந்தக் கணக்கு உண்டா? கூடலூருக்கு உண்டா? இரண்டையும் கூட்டி 'நீலகிரி' என்று ஒரே எண்ணாக்கினால் அதற்கு ஏதாவது பொருள் உண்டா? இவைதான் இங்கே நான் விளக்க முயலும் கேள்விகள். என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: இந்த மலையில் ஃப்ளூவைக் கண்காணிப்பதென்றால் ஒவ்வொரு சரிவையும் தனித்தனியாக எண்ண வேண்டும். யாரும் கவலைப்படாத மாதங்களிலும் எண்ண வேண்டும்.

எல்லா இருமலையும் எண்ண முடியாது

சளி பிடித்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கே வருவதில்லை. மிளகு ரசமும் ஆவி பிடிப்பதும் போதும் என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். கொஞ்சம் முற்றினால் மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை. அதற்கும் அடங்காதவர்கள்தான் டாக்டரிடம் போகிறார்கள். அவர்களில் சிலருக்குத்தான் மூக்கிலோ தொண்டையிலோ குச்சி விட்டு மாதிரி எடுக்கப்படும். ஆய்வகம் 'எச்1என்1', அதாவது பன்றிக்காய்ச்சல், என்று எழுதிக் கொடுக்கும் ஒரு தாளுக்குப் பின்னால், அதே கிருமியோடு யாரிடமும் சொல்லாமல் இருமிக்கொண்டிருந்தவர்கள் எத்தனையோ பேர். 'மாவட்டத்தில் மூவருக்குப் பன்றிக்காய்ச்சல்' என்று வரும் செய்தியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். மூவருக்குச் சோதனையில் தெரிந்தது, அவ்வளவே.

எல்லாரையும் எண்ண முடியாது என்பதை ஒப்புக்கொண்டுதான் ஃப்ளூ கண்காணிப்பு வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. சில மருத்துவமனைகளை மட்டும் குறித்துக்கொண்டு, அங்கே வருகிறவர்களை ஒரே அளவுகோலால், ஒவ்வொரு வாரமும் விடாமல் எண்ணுவது. உலக சுகாதார நிறுவனம் அந்த அளவுகோலை இரண்டு வகையாக வைத்திருக்கிறது. பத்து நாட்களுக்குள் தொடங்கிய இருமலும் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் அளந்த காய்ச்சலும் இருந்தால் அது ஃப்ளூ போன்ற நோய். ஐஎல்ஐ என்று சுருக்கிச் சொல்வார்கள். அதே அறிகுறிகளோடு, மருத்துவமனையில் சேர்க்கவேண்டிய நிலையும் இருந்தால் அது தீவிர சுவாசத்தொற்று. இரண்டிலும் எந்தக் கிருமி என்ற கேள்வி முதலில் எழுவதில்லை. அறிகுறியை வைத்து எண்ணி, அவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் எத்தனை விழுக்காடு ஃப்ளூ என்று பார்க்கிறார்கள்.

இந்த விழுக்காடுதான் உயிர்நாடி. ஒரு வாரம் 20 மாதிரிகள் எடுத்து இரண்டில் ஃப்ளூ வந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வாரம் பயத்தில் 60 மாதிரிகள் எடுத்து ஆறில் வந்தது. செய்தித்தாள் 'மும்மடங்கு உயர்வு' என்று எழுதும். உண்மையில் இரண்டு வாரமும் அதே பத்து விழுக்காடு. தேடியதுதான் மூன்று மடங்கானது. எத்தனை பேரைச் சோதித்தோம் என்பதைச் சொல்லாமல் எத்தனை பேருக்கு வந்தது என்பதை மட்டும் சொல்லும் எந்த அறிவிப்பையும் நான் நம்பத் தயங்குகிறேன்; வாசகர்களும் தயங்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மாதிரிக்கும் அதற்குரிய கெடு உண்டு. நோய் தொடங்கிய முதல் மூன்று நான்கு நாட்களில்தான் மூக்கிலும் தொண்டையிலும் கிருமி மிகுந்திருக்கும். எடுத்த குச்சியை அதற்கான திரவத்தில் போட்டு, 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்து, 72 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். சமவெளியில் இது பெரிய காரியமில்லை. மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் மண் சரிந்து, கோத்தகிரி வழியாகச் சுற்றிவிடப்படும் நவம்பர் மாதத்தில் கோவை வரை அனுப்பவேண்டிய குளிர்ப்பெட்டிக்கு இது பெரிய காரியம். மழை பெய்யும்போதுதான் காய்ச்சலும் கூடுகிறது. அந்த மழைதான் மாதிரி போகும் வழியையும் மறிக்கிறது. உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்து, 2025 ஏப்ரலில் அதன் மருத்துவமனையும் திறக்கப்பட்ட பிறகு, இந்த வேலையை மலையிலேயே முடிப்பதற்கான அடித்தளம் கிடைத்திருக்கிறது. அதை நெருக்கடிக் காலத்துக்கு மட்டும் என்று வைக்காமல் வாரந்தோறும் பயன்படுத்த வேண்டும்.

நாட்டுக்கே ஃப்ளூ பார்த்த குன்னூர்

இங்கே கொஞ்சம் நின்று ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். மலையில் இருப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாத கதை இது. குன்னூர் பாஸ்டியர் நிறுவனம் என்றால் எல்லாருக்கும் நாய்க்கடி ஊசிதான் நினைவுக்கு வரும். 1907-இல் தொடங்கப்பட்டது அதற்காகத்தான். ஆனால் 1950-களில் இந்தியாவின் இன்ஃப்ளூயன்சா மையம் அங்கேதான் இயங்கியது. உலகின் ஃப்ளூ கிருமிகளை நாடுகள் சேர்ந்து கண்காணிக்க உலக சுகாதார நிறுவனம் 1952-இல் ஒரு வலையமைப்பைத் தொடங்கியது. அந்த ஆரம்ப நாட்களில் இந்தியாவின் கண், சிம்ஸ் பூங்காவுக்கு அருகில் இருந்த இந்தக் கட்டடம்தான்.

1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து ஒரு கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. கப்பலில் இருந்தவர்களில் பலருக்குக் காய்ச்சல். ஆசிய ஃப்ளூ என்று பின்னாளில் பெயர் பெற்ற எச்2என்2 கொள்ளைநோய் இந்தியாவுக்குள் நுழைந்தது இப்படித்தான். அந்தப் புதிய கிருமியைப் பிரித்தெடுத்து அடையாளம் காணும் வேலை குன்னூருக்கு வந்தது. சமவெளியில் கோடைவெயில் கொளுத்த, மலையின் குளிரில் கோழிமுட்டைக் கருவில் கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் ஃப்ளூ கிருமியைப் பிடிக்கும் முறை அதுதான். அந்த மே மாதத்திலிருந்து அடுத்த ஆண்டு பிப்ரவரி வரை நாடு முழுவதும் 44 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகவும், சுமார் 1,100 பேர் இறந்ததாகவும் பதிவானது. அந்தக் கொள்ளைநோயின் வரலாற்றை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் 1959-இல் எழுதியவர் குன்னூர் மையத்தின் ஐ.ஜி.கே. மேனன்.

அந்த 1,100 என்ற எண்ணைப் பாருங்கள். நாலாயிரம் பேருக்கு ஒருவர் இறந்தார் என்று அதற்குப் பொருளாகாது. கிராமத்தில் முதியவர் ஒருவர் காய்ச்சல் விட்ட பத்தாம் நாள் மூச்சுத்திணறி இறந்தால், அதை ஃப்ளூ இறப்பு என்று எழுத யார் இருந்தார்கள்? ஃப்ளூவின் உண்மையான இறப்புக் கணக்கு எப்போதும் மறைமுகமாகத்தான் வரும். நோய் அதிகமிருந்த வாரங்களில் ஊரில் வழக்கத்தைவிட எத்தனை இறப்புகள் கூடின என்று பின்னால் கணக்கிட்டுத்தான் அதை அறிய முடியும். அதற்கும் வழக்கம் என்ன என்பது தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறோம்.

இன்று தேசிய இன்ஃப்ளூயன்சா மையம் புனேயின் தேசிய வைராலஜி நிறுவனத்தில் இருக்கிறது. குன்னூர் தடுப்பூசித் தயாரிப்போடு நின்றுவிட்டது. குறையாக இதைச் சொல்லவில்லை. ஆய்வுகள் பெரிய மையங்களுக்கு நகர்வது இயல்பு. ஆனால் இந்தியாவில் ஃப்ளூவை முறையாகப் பார்க்கத் தொடங்கிய ஊர்களில் ஒன்று, தன் சொந்தத் தெருவில் இந்த வாரம் என்ன சுற்றுகிறது என்பதைப் புனேயிலிருந்து தெரிந்துகொள்ளும் நிலை எனக்கு உறுத்துகிறது.

இன்றைய ஏற்பாடு

பதிவு செய்யும் முறை இல்லாமல் இல்லை. 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று படிவங்கள் உண்டு. கிராம சுகாதார செவிலியர் அறிகுறியை மட்டும் வைத்து நிரப்புவது எஸ் படிவம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் தன் கணிப்பை எழுதுவது பி படிவம். ஆய்வகம் உறுதி செய்வது எல் படிவம். முன்பு வாரம் ஒரு முறை தாளில் போனது, 2021-லிருந்து நாடு முழுவதும் இணையத்தளத்தில் அன்றன்றே பதிவாகிறது. ஊர்ப்பெயரோடு பதிவாவதால், எந்தக் கிராமத்தில் காய்ச்சல் கூடுகிறது என்று வரைபடத்திலேயே பார்க்க முடியும்.

இந்த ஏற்பாட்டின் எடை முழுவதும் கிராம சுகாதார செவிலியரின் தோளில் இருக்கிறது. கர்ப்பிணிகள் பதிவு, தடுப்பூசி நாள், ரத்த அழுத்த மாத்திரை, அதற்கும் மேலே இந்தக் காய்ச்சல் பட்டியல். மலையில் ஒரு துணை சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் ஒரு ஹட்டி (படுகர் ஊர்), நாலு எஸ்டேட் டிவிஷன், யானை நடமாடும் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு பழங்குடிக் குடியிருப்பு எல்லாம் இருக்கும். கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்கும் வளைவுக்கு வந்துதான் விவரங்களை ஏற்ற முடியும். அவர் இன்று பதியாமல் விட்ட இருமல், மேலே டெல்லி வரை எங்கேயும் இராது. ஆள் பற்றாக்குறை இருக்கும் வாரத்தில் நோய் குறைந்ததுபோல வரைபடம் காட்டும். அதனால் நோயாளி எண்ணிக்கையோடு, எத்தனை நிலையங்கள் அந்த வாரம் பதிவு அனுப்பின என்பதையும் சேர்த்து வெளியிடுவதே நேர்மையான முறை.

தனியார் கிளினிக்குகள் இதில் பெரும்பாலும் சேர்வதில்லை. நகர்ப்புறத்தில் காய்ச்சலுக்கு முதலில் மக்கள் போவது அங்கேதான்.

ஒரு மாவட்டம், இரண்டு மழை

இனி மலையின் உடம்புக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் நீலகிரியின் மக்கள்தொகை 7,35,394. சென்னையின் ஓரிரு மண்டலங்களில் அடங்கிவிடும் எண். ஆனால் இந்தச் சிறிய மாவட்டத்துக்குள் ஒரே நாளில் மூன்று பருவங்களைப் பார்க்கலாம். ஜூன் மாதம் கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடப்பார்கள். அதே நாளில் குன்னூரிலும் கோத்தகிரியிலும் தூறலும் காற்றும்தான். அவர்களுக்குப் பெருமழை அக்டோபர், நவம்பரில் வடகிழக்கிலிருந்து வரும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகைக்கு இரண்டிலும் பங்குண்டு; அதோடு டிசம்பர், ஜனவரியில் புல்வெளியெல்லாம் வெளுத்துக் கிடக்கும் உறைபனியும் உண்டு.

ஃப்ளூவுக்கு இது ஏன் முக்கியம்? குளிர்நாடுகளில் ஃப்ளூ குளிர்காலத்து நோய். காற்றில் ஈரம் குறைந்து குளிர்ந்திருக்கும்போது கிருமி அதிக நேரம் உயிரோடு இருக்கிறது; மனிதர்களும் அடைத்த அறைகளுக்குள் நெருங்கி இருக்கிறார்கள். வெப்பநாடுகளில் அது மழையோடு சேர்ந்து வருகிறது. இந்தியா முழுக்க ஒரே காலம் என்பதும் இல்லை. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை உச்சம். டெல்லி, புனே போன்ற இடங்களில் தென்மேற்குப் பருவத்தில் உச்சம். சென்னையில் வடகிழக்குப் பருவத்தோடு, அக்டோபர் நவம்பரில். நாட்டின் பல மையங்களில் ஆண்டுக்கணக்கில் விடாமல் மாதிரி எடுத்ததால்தான் இந்த வேறுபாடு தெரியவந்தது.

இப்போது இந்த மூன்று கோலங்களையும் நீலகிரி மேல் வைத்துப் பாருங்கள். கூடலூர் மழையில் கேரளத்தோடு சேர்ந்தது. குன்னூர், கோத்தகிரி தமிழகச் சமவெளியின் மழையைப் பின்பற்றுகின்றன. உதகையின் ஜனவரி, தென்னிந்தியாவில் காஷ்மீரை ஓரளவாவது நினைவூட்டக்கூடிய அபூர்வமான குளிர். மழைதான் ஃப்ளூவின் காலத்தை முடிவு செய்கிறது என்றால், கூடலூரில் ஆகஸ்டிலும் கோத்தகிரியில் நவம்பரிலும் உச்சம் வரலாம். மனித நடமாட்டம்தான் முடிவு செய்கிறது என்றால், கோடை சீசனுக்குப் பின்னாலேயே ஒரு சிறு ஏற்றம் தெரியலாம். இவற்றில் எது சரி என்பதை அறிவியல் ஊகத்தால் தீர்க்க முடியாது. மூன்று ஊர்களிலும் ஐந்தாண்டு வாரந்தோறும் பத்துப் பதினைந்து மாதிரிகள் போதும், தெளிவாகத் தெரிந்துவிடும். மூன்றையும் கூட்டி மாவட்டச் சராசரி போட்டால், கூடலூரின் ஏற்றத்தைக் குன்னூரின் இறக்கம் விழுங்கிவிடும். கோடு ஆண்டு முழுக்கத் தட்டையாகத் தெரியும். மாவட்ட நிர்வாகமும் 'எல்லாம் வழக்கம்போல' என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

இதில் கைக்காசு போட்டு ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கான செய்தியும் இருக்கிறது. ஃப்ளூ ஊசி அரசின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. கிருமி ஆண்டுதோறும் உருமாறுவதால், உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை ஊசியில் எந்த வகைகள் இருக்க வேண்டும் என்று அறிவிக்கிறது: பிப்ரவரியில் வடகோளத்துக்கு, செப்டம்பரில் தென்கோளத்துக்கு. போட்ட இரண்டு வாரத்தில் எதிர்ப்பு உருவாகி, சில மாதங்களில் மெல்லக் குறையத் தொடங்கும். அதனால் உச்சம் வருவதற்குச் சற்று முன் போடுவதே பலன். தென்மேற்கு மழை வாங்கும் கூடலூர்க்காரருக்கு மே மாதம் பொருத்தமாக இருக்கலாம், கோத்தகிரிக்காரருக்கு செப்டம்பர். இடையில் இருப்பது ஒரு மலைப்பாதைதான், சில மணி நேரப் பேருந்துப் பயணம்.

2020 மார்ச்சுக்குப் பின் ஃப்ளூ பி கிருமியின் யமகாடா என்ற கிளை உலகில் எங்கேயும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. பேரிடர்க் கால முடக்கத்தில் பரவல் அறுந்து அது மறைந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். அதையடுத்து, நான்கு வகை ஊசியிலிருந்து யமகாடாவை விட்டுவிட்டு மூன்று வகைக்குத் திரும்பலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான மருத்துவமனைகளில் யாரோ ஒரு செவிலியர் வாராவாரம் எடுத்த மாதிரிகளால்தான் ஒரு கிருமி இல்லாமல் போனதுகூடத் தெரிகிறது. எனக்கு இது மிகவும் நெகிழ்ச்சி தரும் செய்தி.

வருகிறவர்கள், போகிறவர்கள்

விழுக்காடு கணக்கிட 'எத்தனை பேரில்' என்ற எண் வேண்டும் என்று சொன்னோம். மே மாதம் மலர்க்காட்சி நேரத்தில் உதகையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? மாவட்ட மக்கள்தொகையை வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது. இங்கே எதிர்பாராத ஓர் உதவி கிடைத்திருக்கிறது. நெரிசலைக் கட்டுப்படுத்த சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபடி 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் சீசன் காலத்துக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. எங்கிருந்து எத்தனை பேர், எந்த நாளில் என்ற விவரம் இப்போது பதிவாகிறது. நோய்க் கண்காணிப்புக்கு இதைவிட நல்ல பின்னணித் தகவல் பல மாவட்டங்களுக்குக் கிடையாது. பெயர் விவரங்கள் எதுவும் வேண்டாம். அன்றாடத் தலைக்கணக்கை மட்டும் சுகாதாரத் துறைக்குக் கொடுத்தால் போதும்.

சுற்றுலாப் பயணிகளைத் தடுத்து நிறுத்திச் சோதிப்பது வேறு விஷயம், அதில் பலன் மிகக் குறைவு. ஃப்ளூ தொற்றியவர், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரப்பத் தொடங்கிவிடுகிறார். கல்லாறில் வெப்பமானி காட்டாத காய்ச்சல் தொட்டபெட்டாவில் தலைகாட்டும். பயணிகளோடு நாள் முழுக்க இருக்கும் ஓட்டுநர்கள், காட்டேஜ் பணியாளர்கள், ஹோம்மேட் சாக்லேட் கடைப் பெண்கள், படகு இல்லப் பணியாளர்கள் ஆகியோரிடையே இருமல் கூடுகிறதா என்று பார்ப்பது அதைவிட முன்னதாகத் தகவல் தரும்.

போகிறவர்கள் கணக்கு இன்னும் சிக்கல். கூடலூர், பந்தலூர் மக்களுக்கு உதகை ஐம்பது கிலோமீட்டர் மேலே, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து. கேரளத்தின் சுல்தான் பத்தேரியும் பெரிந்தல்மண்ணாவும் அவர்களுக்கு மனத்தளவிலும் பக்கம். மூச்சுத்திணறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாடுகாணி வழியாகக் கேரளத்துக்கு இறங்கும் ஜீப்புகள் புதிதல்ல. அந்தக் குழந்தை வயநாடு அல்லது மலப்புரம் கணக்கில் சேர்கிறது. நீலகிரியின் தீவிர சுவாசத்தொற்றுப் பட்டியலில் ஓர் எண் குறைகிறது. கேரளத்தில் நிபாவோ பறவைக் காய்ச்சலோ வந்தால் எல்லைச் சாவடிகளில் உடனே ஆட்கள் நிற்கிறார்கள். ஆனால் சாதாரண வாரங்களில், எல்லைக்கு அந்தப் பக்க மருத்துவமனையில் சேர்ந்த கூடலூர்க்காரர்கள் எத்தனை பேர் என்று இரு மாவட்ட அலுவலகங்களும் பரிமாறிக்கொள்ளும் ஒரு தாள், அந்தச் சாவடிகளைவிட அதிகம் சொல்லும்.

எண்ணில் வராதவர்கள்

மருத்துவமனையில் சேர்த்தால் அது தீவிர நோய் என்பது சமவெளி அளவுகோல். மலையில் ஒருவரைச் சேர்ப்பதற்கு நோயின் கடுமை ஒன்று மட்டும் காரணமில்லை. கடைசிப் பேருந்து போய்விட்டது, வீட்டுக்குப் போகும் வழியில் யானை நிற்கிறது, இரவில் மூச்சு வாங்கினால் திரும்ப வர வழியில்லை. அதனால் லேசான நிமோனியாவுக்கும் டாக்டர் படுக்கை கொடுப்பார். மனிதாபிமானமுள்ள மருத்துவர் அதைத்தான் செய்ய வேண்டும். இதற்கு எதிர்த்திசையும் உண்டு: கூலி போய்விடும் என்று படுக்கவேண்டியவர் மாத்திரை வாங்கிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போய்விடுவார். விரல் நுனியில் மாட்டும் ஆக்சிஜன் கருவியின் எண்ணிலும் கவனம் வேண்டும். உதகை உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். நல்ல உடல்நலமுள்ளவருக்கே ஆக்சிஜன் அளவு சென்னையில் காட்டுவதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். கூடலூர் எண்ணையும் உதகை எண்ணையும் ஒரே தட்டில் வைத்து, இங்கே நோய் கடுமை என்று முடிவுகட்டக் கூடாது.

தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாகக் குடும்பங்கள் வாழ்கின்றன. சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த மக்களில் பலர் இப்படியான வீடுகளில் குடியேறினார்கள். விறகடுப்புப் புகை, குளிருக்குச் சாத்திய சன்னல், ஒரே அறையில் தாத்தா முதல் கைக்குழந்தை வரை. சுவாசக்கிருமிக்கு இதைவிட வசதி வேண்டாம். இந்த வீடுகளின் காய்ச்சல் மருத்துவமனைப் பதிவேட்டுக்கு வருவதற்கு முன்பே வேறு இரண்டு பதிவேடுகளில் வந்துவிடுகிறது. ஒன்று, தோட்டத்தின் அன்றாட வருகைப் பதிவு. ஒரே டிவிஷனில் திடீரென்று ஆள் குறைந்தால் மேஸ்திரிக்குக் காரணம் அன்றே தெரியும். இன்னொன்று, பள்ளி வருகை. தமிழகப் பள்ளிகளில் அது தினமும் கல்வித் துறையின் எமிஸ் தகவல் அமைப்பில் ஏறுகிறது. ஃப்ளூ முதலில் பள்ளிப்பிள்ளைகளிடம்தான் பரவி, அவர்கள் வழியாகத்தான் வீட்டு முதியவர்களை அடைகிறது. ஒரு ஒன்றியத்தில் நாலு பள்ளிகளில் ஒரே வாரத்தில் வருகை சரிந்தால், சுகாதார ஆய்வாளர் ஒருவர் போய் ஐந்து மாதிரிகள் எடுத்துவர அது போதுமான காரணம். புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. இரண்டு துறைகள் பேசிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கூடலூர், பந்தலூர் காட்டோரங்களில் வாழும் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் மக்களின் நிலை தனி. நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் அணுச் சோகை உண்டு. இந்தியாவில் அந்த ரத்தக்கோளாறு முதன்முதலில் 1952-இல் பதிவானதே இந்த மலையில்தான். அந்தக் கோளாறு உள்ள ஒரு குழந்தைக்கு ஃப்ளூ என்றால் மூன்று நாள் காய்ச்சலோடு போவதில்லை. நுரையீரலில் ரத்தஓட்டம் அடைபட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே மாவட்ட அளவில் ஃப்ளூ 'லேசான ஆண்டு' என்று சொல்லப்படும் ஆண்டிலும் சில குடியிருப்புகளுக்கு அது கொடிய ஆண்டாக இருக்க முடியும். கூடலூரில் 1990 முதல் ஆதிவாசி மக்களுக்காக மருத்துவமனை நடத்திவரும் அஸ்வினி அமைப்பு, அந்தச் சமூகங்களிலிருந்தே சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவித்து வைத்திருக்கிறது. குடிசைக்குள் போய் அந்த மக்களின் மொழியில் பேசி, யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று கேட்டு வரக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்கள் கொண்டுவரும் தகவல் அரசின் வரைபடத்தில் புள்ளியாக ஏறவேண்டும். அரிவாள் அணுச் சோகை உள்ளவர்களின் பட்டியல் ஏற்கெனவே இருப்பதால், ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் யாருக்கு முதலில் என்று தேடவேண்டியதும் இல்லை.

மாதிரி எடுக்கும்போது ஃப்ளூவோடு நிறுத்திக்கொள்ளாமல் ஆர்எஸ்வி, எச்எம்பிவி, கோவிட் ஆகியவற்றையும் ஒரே சோதனையில் பார்க்க முடியும். கைக்குழந்தைகளை மருத்துவமனைக்குக் கொண்டுவரும் மூச்சிரைப்புக்கு ஆர்எஸ்வி முக்கியமான காரணம். காய்ச்சலும் இருமலும் சேர்ந்து வந்து எந்த சுவாசக்கிருமியும் இல்லை என்று முடிவு வந்தால் உண்ணிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். புதரும் தேயிலையும் சூழ்ந்த ஊரில் அது எப்போதும் சாத்தியம். அதற்கு மருந்து வேறு, தாமதித்தால் ஆபத்து. ஃப்ளூ என்றால் ஒசெல்டாமிவிர் மாத்திரையை அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். கர்ப்பிணிகள், முதியவர்கள், ஆஸ்துமாக்காரர்கள் விஷயத்தில் ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. இந்த வாரம் ஊரில் ஃப்ளூ சுற்றுகிறது என்று பந்தலூர் பக்கத்து எருமாடு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு முன்பே தெரிந்திருந்தால், அவர் காத்திருக்க மாட்டார்.

அதற்கு ஒரு பக்கத் தாள் போதும். திங்கட்கிழமை காலை மாவட்டத்தின் எல்லா மருத்துவர்களுக்கும், தனியார் கிளினிக்குகளுக்கும், எஸ்டேட் டிஸ்பென்சரிகளுக்கும் தமிழில் போகவேண்டும். உதகை - குந்தா, குன்னூர் - கோத்தகிரி, கூடலூர் - பந்தலூர் என்று மூன்று பத்திகள். ஒவ்வொன்றிலும் எத்தனை நிலையங்கள் பதிவு அனுப்பின, எத்தனை பேர் காய்ச்சல் இருமலோடு வந்தார்கள், எத்தனை மாதிரிகள், எதில் எத்தனை, போன ஆண்டு இதே வாரம் எவ்வளவு. போன ஆண்டுக்கான இடம் முதல் ஆண்டில் வெறுமையாகத்தான் இருக்கும். இரண்டாம் ஆண்டிலிருந்து நிரம்பத் தொடங்கும்.